தழும்பு சிறியதா என்று கேட்பதற்கு முன்



ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் எனத் தொழிற்சாலைகளை ஒட்டி வாழும் நம் குடும்பங்களுக்கு ரோபோ என்பது வியப்பூட்டும் பொருள் அன்று. கார் உடலைப் பற்றவைப்பதும், வண்ணம் தெளிப்பதும், கனமான பாகங்களைத் தூக்கி வைப்பதும் ரோபோக் கரங்கள்தாம் என்பதை நம் பிள்ளைகள் ஒவ்வொரு ஷிப்டிலும் பார்க்கிறார்கள். ஆயினும் வீட்டில் ஒருவருக்கு இதய வால்வில் கோளாறு என்று தெரிந்து, "நெஞ்சைப் பிளக்காமல் சிறு துளை வழியாகவும் செய்யலாம், ரோபோ மூலமாகவும் செய்யலாம்" என்ற பேச்சு மருத்துவமனையில் எழும்போது, அதே குடும்பங்கள் இரண்டு வகையாகத் தடுமாறுகின்றன. இயந்திரத்தின் கையில் உயிரை ஒப்படைப்பதா என்று சிலர் அஞ்சுகிறார்கள். ரோபோ என்றால் பிழையே நேராது, கடன் பட்டாவது அதையே செய்துவிட வேண்டும் என்று சிலர் துடிக்கிறார்கள்.

இந்த அச்சமும் இந்தத் துடிப்பும் கீறலைப் பற்றியவை. உயிரையும் அதன் பின் வரும் வாழ்நாளையும் தீர்மானிப்பவை வேறு மூன்று கேள்விகள். வால்வைச் சரிசெய்ய முடியுமா, மாற்றியாக வேண்டுமா? மாற்றினால் எந்த வால்வு? அந்த வால்வோடு வாழும் நாள்களில் மாத்திரையும் பரிசோதனையும் தாய்மையும் எப்படி அமையும்? கீறலின் அளவு நான்காவது கேள்வி. அதை முதலில் வைப்பதால் நம் குடும்பங்கள், குறிப்பாக நம் பெண் பிள்ளைகள், பெரிய இழப்புக்கு ஆளாகிறார்கள் என்பதே நாம் இங்கே சொல்ல வருவது.

தொழிற்சாலை ரோபோ வேறு, அறுவை அரங்கின் ரோபோ வேறு

தொழிற்சாலையில் நிற்கும் ரோபோவுக்கு முன்கூட்டியே எழுதப்பட்ட நிரல் உண்டு. ஆளில்லாமலே அது ஒரே வேலையை ஆயிரம் முறை செய்யும். அறுவை அரங்கின் ரோபோவுக்கு அப்படித் தானாகச் செய்யும் வேலை எதுவும் இல்லை. நோயாளியிடமிருந்து சில அடிகள் தள்ளி ஓர் இருக்கையில் அறுவை மருத்துவர் அமர்ந்திருப்பார். விலா எலும்புகளுக்கு இடையே விரல் அகலத்துக்கும் குறைந்த துளைகளின் வழியே சென்ற கருவிகள், அவருடைய விரல் அசைந்தால் அசையும். அவர் நிறுத்தினால் நிற்கும். கை நடுக்கத்தை வடிகட்டுவதும், பெரிய அசைவைச் சிறிய அசைவாக மாற்றுவதும், உள்ளுறுப்பை ஆழம் தெரியும்படி பெரிதாக்கிக் காட்டுவதும் இயந்திரத்தின் பங்கு. நோயாளியின் பக்கத்தில் இன்னொரு மருத்துவர் எப்போதும் நிற்பார்.

ஆகவே "ரோபோ செய்தது" என்று சொல்வதைவிட, "மருத்துவர் ரோபோவைக் கொண்டு செய்தார்" என்பதே சரி. கருவி நல்லதாக இருந்தாலும் கை பழகாததாக இருந்தால் பயன் இல்லை. நாம் கேட்க வேண்டியது மருத்துவமனையில் ரோபோ இருக்கிறதா என்பதை அன்று. இந்த வால்வு அறுவையை இந்த மருத்துவர் இந்த முறையில் எத்தனை முறை செய்திருக்கிறார் என்பதை. அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. நல்ல மருத்துவர் அந்தக் கேள்வியை வரவேற்பார்.

இன்னொன்றும் அறிய வேண்டும். ரோபோ இருக்கும் இடங்களிலெல்லாம் அது இதயத்துக்குப் பயன்படுவதில்லை. சென்னை ஓமந்தூரார் வளாகத்தில் உள்ள அரசுப் பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையில் 2022இல் ரோபோ அறுவைப் பிரிவு திறக்கப்பட்டது, ஏழை எளியோருக்குக் கிடைத்த நல்ல செய்தி. ஆனால் உலகெங்கும் இத்தகைய ரோபோக்கள் பெரிதும் பயன்படுவது சிறுநீரகம், புராஸ்டேட், கருப்பை, குடல் ஆகியவற்றின் அறுவைகளில்தான். இதய வால்வுக்கு அதைப் பயன்படுத்தும் குழுக்கள் குறைவு.

மிகச் சிறிய கீறல் ரோபோவுடையது அன்று

நம் நாட்டில் இளம் வயதினரின் வால்வு கெடுவதற்கு முக்கியக் காரணம் வாதக் காய்ச்சல். ஐந்து முதல் பதினைந்து வயதுக்குள் ஒரு வகைக் கிருமியால் வரும் தொண்டை வலி, சரியாக மருந்து எடுக்கப்படாமல் விடப்பட்டால், சில வாரங்களில் காய்ச்சலும் மூட்டுக்கு மூட்டு மாறும் வலியுமாகத் திரும்பி வரும். மூட்டு வலி போய்விடும். இதய வால்வில் அது விட்டுச் சென்ற வடு போகாது. ஆண்டுகள் செல்லச் செல்ல வால்வின் இதழ்கள் தடித்து, ஓரங்கள் ஒட்டி, வாய் சுருங்கும். பெரும்பாலும் பாதிக்கப்படுவது இதயத்தின் இடப்புறம் உள்ள மைட்ரல் வால்வு. இருபது வயதுப் பெண் படியேறினால் மூச்சு வாங்குகிறாள் என்றால் "ரத்தம் குறைவு" என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். சிலருக்குக் கருவுற்ற பிறகுதான் முதன்முதலாக நோய் வெளிப்படுகிறது.

இவ்வாறு சுருங்கிய வால்வு இன்னும் வளையும் தன்மையோடு இருந்து, கசிவு அதிகம் இல்லாமல், உள்ளே ரத்தக் கட்டியும் இல்லாமல் இருந்தால், அதற்கு அறுவையே தேவைப்படாமல் போகலாம். தொடைக் கவட்டில் உள்ள ரத்தக்குழாய் வழியாக ஒரு பலூனை இதயம் வரை கொண்டு சென்று, வால்வின் வாயில் விரித்து, ஒட்டிய ஓரங்களைப் பிரித்துவிடலாம். ஜப்பானிய மருத்துவர் கான்ஜி இனோவே 1984இல் உலகுக்கு அறிவித்த இந்த முறை, நம் நாட்டில் பல்லாயிரம் இளம் பெண்களுக்கு வாழ்வளித்திருக்கிறது. இதற்கு நெஞ்சில் தழும்பே இராது. ரோபோவும் வேண்டாம். சென்னையின் பெரிய அரசு மருத்துவமனைகளிலும் செய்யப்படும் சிகிச்சை இது.

பெருந்தமனி வால்வு சுருங்கிய முதியவர்களுக்கும் இதே போல் கால் வழியாகப் புதிய வால்வையே கொண்டு சென்று பொருத்தும் முறை இருக்கிறது. பிரான்சின் ரூவன் நகரில் அலேன் கிரிபியே 2002இல் அதை முதன்முதலாக மனிதருக்குச் செய்தார். "சிறிய கீறல் வேண்டும்" என்று ரோபோவைத் தேடுவோர், "எனக்குக் கீறலே இல்லாத வழி உண்டா?" என்று முதலில் கேட்க வேண்டும்.

சிறு கீறலின் உண்மையான நன்மை

அறுவைதான் வழி என்று ஆனவர்களுக்குச் சிறு கீறல் வீண் ஆடம்பரம் என்று நாம் சொல்ல மாட்டோம். வழக்கமான முறையில் நெஞ்செலும்பை நடுவே மேலிருந்து கீழாகப் பிளந்து, பின்னர் கம்பியால் கட்டி மூடுவார்கள். அந்த எலும்பு சேர ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகும். ஏறத்தாழ மூன்று மாதங்களுக்குக் கனம் தூக்கக் கூடாது, பைக் ஓட்டக் கூடாது என்பார்கள். லைனில் நின்று உழைப்பவருக்கு இது எவ்வளவு பெரிய சுமை என்று நமக்குத் தெரியும். வலப்புற விலா எலும்புகளுக்கு இடையே ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் திறப்பு வழியாகச் செய்யும் முறையில் எலும்பு பிளக்கப்படுவதில்லை. ரத்தம் குறைவாகச் செலவாகும். மருத்துவமனையை விட்டு விரைவில் வரலாம்.

ஆனால் அந்த நன்மைக்கு ஓர் எல்லை உண்டு. பிரிட்டனில் பத்து மருத்துவமனைகளில் 330 நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்து மைட்ரல் வால்வு சரிசெய்தலை ஒப்பிட்ட ஆய்வு 2023இல் வெளிவந்தது. தொடக்க வாரங்களில் சிறு கீறல் பிரிவினர் சற்று முன்னதாக நடமாடினர். மருத்துவமனையில் தங்கிய காலமும் ஒரு நாள் குறைந்தது. பன்னிரண்டாம் வாரத்தில் இரு பிரிவினரின் உடல் செயல்திறனிலும் வேறுபாடு இல்லை. வால்வு சரிசெய்யப்பட்ட தரத்திலும் பாதுகாப்பிலும் இரண்டும் ஏறத்தாழச் சமமாகவே இருந்தன. அதாவது, பழகிய கைகளில் சிறு கீறல் பாதுகாப்பானது; பெரிய கீறலும் பாதுகாப்பானது. அதற்கு வசதி இல்லாத தந்தை, தன் மகளுக்கு மட்டமான சிகிச்சை தந்துவிட்டோமே என்று மனம் குமைய வேண்டியதில்லை.

மேலும், கீறல் சிறிதாவதால் அறுவை சிறிதாகிவிடுவதில்லை. உள்ளே இதயத்தை நிறுத்தியே ஆக வேண்டும். இதய நுரையீரல் இயந்திரம் அந்த வேலையை ஏற்றே ஆக வேண்டும். சிறு கீறலிலும் ரோபோ முறையிலும் இதயம் நிறுத்தப்படும் நேரம் பெரும்பாலும் கூடுதல். கால் ரத்தக்குழாய் வழியாக இயந்திரத்தை இணைப்பதால் அந்தக் குழாய்கள் நல்ல நிலையில் இருக்க வேண்டும். முன்பே நெஞ்சு அறுவை செய்தவர், ஒன்றுக்கு மேற்பட்ட வால்வு கெட்டவர், அடைப்புக்கும் சேர்த்துச் செய்ய வேண்டியவர் ஆகியோருக்கு "பெரிய கீறல்தான் நல்லது" என்று மருத்துவர் சொன்னால், அதில் பழைமை எதுவும் இல்லை, அக்கறை இருக்கிறது.

முதல் கேள்வி: சரிசெய்ய முடியுமா?

ரோபோ உதவியுடன் மைட்ரல் வால்வு அறுவையை 1998இல் பாரிஸில் செய்து வழிதிறந்தவர் அலேன் கார்ப்பென்டியர். அவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டது ரோபோவுக்காக அன்று. கெட்ட வால்வை வெட்டி எறியாமல், இதழைத் தைத்து, நாரைச் சீர்படுத்தி, வளையம் வைத்துத் தாங்கி, அல்லாஹ் தந்த வால்வையே மீண்டும் வேலை செய்ய வைக்கும் கலைக்காக. அந்த அனுபவத்தைத் தொகுத்து 1983இல் அவர் வெளியிட்ட கட்டுரை இன்றும் இத்துறையில் பேசப்படுகிறது. அவரிடம் நாம் கற்க வேண்டிய வரிசை இதுவே: முதலில் வால்வு, பிறகு கீறல்.

சரிசெய்த வால்வோடு வாழ்பவருக்குப் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் ரத்தம் உறையாமைக்கான மாத்திரை தேவைப்படாது. வாதக் காய்ச்சலால் கெட்ட வால்வைச் சரிசெய்வது கடினம், எல்லோருக்கும் முடியாது. முடியும் என்ற நிலையில் உள்ளவருக்கு, சிறு கீறல் கிடைக்கிறது என்பதற்காக மாற்றிவிடும் இடத்தைவிட, பெரிய கீறலானாலும் சரிசெய்துதரும் இடமே மேலானது.

இரண்டாம் கேள்வி: எந்த வால்வு?

மாற்றியே ஆக வேண்டும் என்றால் வழி இரண்டு. ஒன்று உலோகமும் செயற்கைப் பொருளும் கொண்ட இயந்திர வால்வு. அது தேயாமல் நெடுங்காலம் உழைக்கும். ஆனால் அதில் ரத்தம் உறையாமல் இருக்க வாழ்நாள் முழுதும் மாத்திரை வேண்டும். மற்றொன்று விலங்குத் திசு வால்வு. அதற்கு நீண்டகால மாத்திரை பெரும்பாலும் தேவையில்லை. ஆனால் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தேய்ந்துவிடும், இளம் வயதில் இன்னும் விரைவாகத் தேயும். மீண்டும் ஒரு சிகிச்சை வரும்.

இங்கேதான் நம் வீடுகளில், அறுவைக்கு முந்திய இரவில், அவசர அவசரமாக ஆலிம்களுக்குத் தொலைபேசி அழைப்பு போகிறது: "பன்றி வால்வாமே, கூடுமா?" இந்தக் கேள்வியை அந்த இரவு வரை தள்ளிப்போடக் கூடாது.

விலங்கு வால்வுகளில் பன்றியின் வால்வும் உண்டு, மாட்டின் இதய உறையால் செய்யப்பட்டதும் உண்டு. 1965இல் பாரிஸில் பன்றி வால்வை மனிதருக்குப் பொருத்திய குழுவில் இருந்தவர் மேற்சொன்ன கார்ப்பென்டியரே. 1971இல் மாட்டின் இதய உறை வால்வை மரியன் அயோனெஸ்கு இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கொண்டுவந்தார். இன்று மாட்டுறை வால்வு எங்கும் பரவலாகக் கிடைக்கிறது. இயந்திர வால்வில் விலங்குப் பொருளே இல்லை. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில், பல மாதிரிகள் தோற்ற பிறகு உருவாகி, 1990 டிசம்பரில் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தப்பட்ட டிடிகே சித்ரா வால்வு நம் நாட்டின் படைப்பு. உலோகக் கூடும் பிளாஸ்டிக் தட்டும் துணி வளையமும் கொண்டது. இறக்குமதி வால்வைவிட மிகக் குறைந்த விலையில் இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு அது பொருத்தப்பட்டிருக்கிறது.

ஆகவே பெரும்பாலான நேரங்களில் நமக்குத் தூய்மையான மாற்று இருக்கிறது. இருக்கும்போது அதைக் கேட்டுப் பெறுவது நம் உரிமை, கடமையும்கூட. மருத்துவ ரீதியாகப் பன்றி வால்வுதான் பொருத்தம், வேறு கிடைக்காது என்ற நிலை வந்தால், மார்க்கம் நம்மை இக்கட்டில் கைவிடவில்லை. பன்றி இறைச்சியைத் தடுக்கும் அல்பகறா அத்தியாயத்தின் 173ஆம் வசனத்திலேயே, நிர்ப்பந்தத்துக்கு ஆளானவர் மீது குற்றமில்லை என்ற சலுகையும் இருக்கிறது. முறிந்த எலும்பை இணைக்கத் தூய எலும்பு கிடைக்காமல் தூய்மையற்றதைப் பயன்படுத்தியவர் மன்னிக்கப்பட்டவர் என்ற சட்டம், நம் பகுதிகளில் ஓதப்படும் ஷாஃபிஈ மத்ஹபின் நூல்களில் பல நூற்றாண்டுகளாக இருக்கிறது. இரசாயனத்தில் பதப்படுத்தப்பட்டுத் தன்மை மாறியதற்குப் பழைய சட்டம் பொருந்துமா என்றும் அறிஞர்கள் ஆய்ந்துள்ளனர். உங்கள் நிலைக்கான தீர்ப்பை உங்கள் ஆலிமிடம், மருத்துவரின் குறிப்போடு சென்று, நிதானமாகக் கேளுங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இதய நுரையீரல் இயந்திரத்தில் ரத்தம் உறையாதிருக்க ஹெபாரின் என்ற மருந்து செலுத்தப்படுகிறது. உலகில் இன்று புழங்கும் ஹெபாரினில் பெரும்பகுதி பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படுவது. எந்த வால்வைத் தேர்ந்தாலும், எந்த அளவு கீறலானாலும், அந்த மருந்தைத் தவிர்ப்பது மிகக் கடினம். நிர்ப்பந்தம் என்ற சொல்லின் பொருளை இந்த இடத்தில் நாம் உணர்கிறோம். அதை வால்வுக்கு மட்டும் மறுத்து, உயிர் காக்கும் சிகிச்சையையே சிலர் தள்ளிப்போடுவது மார்க்கப் பற்று ஆகாது. நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுமாறு சொன்னவர்கள் நபி (ஸல்) அவர்கள்.

மூன்றாம் கேள்வி: அதனோடு எப்படி வாழ்வது?

இயந்திர வால்வு பொருத்தப்பட்டவர் வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் மாத்திரையை ஒருநாளும் விடாமல் எடுக்க வேண்டும். ஐஎன்ஆர் என்ற ரத்தப் பரிசோதனையை மருத்துவர் சொன்ன இடைவெளியில் செய்ய வேண்டும். அளவு குறைந்தால் வால்வில் ரத்தம் உறைந்து பக்கவாதமோ மரணமோ நேரலாம், கூடினால் ரத்தக்கசிவு. "பரிசோதனை தேவையில்லாத புது மாத்திரை வந்துவிட்டதே" என்று சிலர் மாற்றிக்கொள்கிறார்கள். அப்படிப்பட்ட புதிய மாத்திரைகளில் ஒன்றான டாபிகாட்ரானை இயந்திர வால்வு உள்ளவர்களிடம் சோதித்த ஆய்வு, ரத்தம் உறைதலும் கசிவும் இரண்டுமே கூடியதால் இடையில் நிறுத்தப்பட்டது. 2013இல் அதன் முடிவு வெளியானது. மாத்திரையைத் தாமாக மாற்றுவது உயிருக்கு ஆபத்து.

நம் வழக்கங்களையும் இதோடு பொருத்திப் பார்க்க வேண்டும். ஹிஜாமா நமக்குப் பிரியமான சுன்னத். ஆனால் ரத்தம் உறையாமைக்கான மாத்திரை எடுப்பவரின் தோலைக் கீறுவது ஆபத்தானது. கருஞ்சீரகத்தையும் பூண்டையும் மருந்தளவில் தொடர்ந்து உண்பது மாத்திரையின் வேகத்தை மாற்றக்கூடும். முருங்கைக் கீரையை ஒரு வாரம் நாள்தோறும் உண்டு, மறுவாரம் அடியோடு நிறுத்தினாலும் அளவு தடுமாறும். கீரை உண்ணலாம், ஒரே சீராக உண்ண வேண்டும். ரமழானில் நோன்பு வைக்க முடியுமா, மாத்திரையை எந்நேரத்தில் எடுப்பது என்பதை ஷஃபான் மாதத்திலேயே மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யலாம். அவர் வேண்டாம் என்றால், நோயாளிக்கு அல்லாஹ் தந்த சலுகையை மனநிறைவோடு ஏற்க வேண்டும்.

நம் பெண் பிள்ளைகளின் விஷயம் இதிலும் நுட்பமானது. வார்ஃபரின் கருவில் உள்ள குழந்தையைச் சென்றடையும். முதல் மூன்று மாதங்களில் உறுப்புக் குறைகளுக்குக் காரணமாகலாம். பயந்து அதைத் திடீரென நிறுத்தினால் தாயின் வால்வில் ரத்தம் உறையலாம். ஆகவே கருவுறுவதற்கு முன்பே இதய மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து திட்டமிட வேண்டும். இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு வால்வு தேர்ந்தெடுக்கும்போது, அவள் தாயாக விரும்புகிறாளா என்ற கேள்வியை அவளிடமே கேட்க வேண்டும். தந்தையும் மாமாவும் வெளியே நின்று கீறலின் அளவைப் பேசிக்கொண்டிருக்க, உள்ளே அவளைக் கேளாமலே இந்த முடிவு எடுக்கப்படுவது பெரிய அநீதி.

தழும்பும் திருமணமும்

சிறு கீறலை நாம் ஏன் இவ்வளவு விரும்புகிறோம் என்று நம்மை நாமே கேட்டால், விரைவாக வேலைக்குத் திரும்பலாம் என்பது ஒரு பதில். பெண் பிள்ளை என்றால் உள்ளே இன்னொரு பதிலும் இருக்கிறது: நடு நெஞ்சில் தழும்பு தெரிந்தால் சம்பந்தம் வராது, மார்பின் கீழ்மடிப்பில் மறைந்தால் யாருக்கும் தெரியாது.

பெண் தன் உடலில் பெரிய தழும்பு வேண்டாம் என்று விரும்புவதில் குறை காண நமக்கு உரிமை இல்லை. ஆனால் நோயையே மறைத்து நிக்காஹ் செய்து வைப்பதற்கு அது கருவியாகும்போது நாம் எச்சரிக்கத்தான் வேண்டும். சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் மறைந்திருந்த ஈரத்தைக் கண்டு, வணிகரைக் கண்டித்தவர்கள் நபி (ஸல்) அவர்கள். தானிய விற்பனைக்கே அந்த நேர்மை வேண்டுமென்றால், வாழ்நாள் உடன்படிக்கைக்கு எவ்வளவு வேண்டும்! இதில் மார்க்கக் கேள்வியோடு உயிர்க் கேள்வியும் இருக்கிறது. மாமியார் வீட்டில் தெரிந்துவிடுமோ என்று அஞ்சி மாத்திரையை ஒளித்து உண்பவள், ஒரு வாரம் உண்ணாமல் விடுவாள். ஐஎன்ஆர் பரிசோதனைக்குப் போக அவளுக்குக் காரணம் கிடைக்காது. கருவுற்றதும் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்துவாள். மறைப்பினால் வரும் மரணத்துக்கு அறுவை மருத்துவர் பொறுப்பல்லர்.

இதன் மறுபக்கத்தையும் நாம் சொல்லியாக வேண்டும். உண்மையைச் சொன்ன பெண்ணை "நோயாளிப் பெண்" என்று ஒதுக்கும் மாப்பிள்ளை வீட்டார்தாம் அந்த மறைப்பைக் கற்றுக்கொடுக்கிறார்கள். வால்வு மாற்றிய ஆண் மகனுக்கு "இப்போது நல்ல உடம்புதான்" என்று பெண் கேட்கும் சமுதாயம், பெண்ணுக்கு மட்டும் வேறு அளவுகோல் வைக்கிறது. சிகிச்சை பெற்று, மருத்துவரின் கண்காணிப்பில் வாழும் பெண் இல்லறம் நடத்த முடியும். தக்க திட்டமிடலோடு பலர் தாய்மையும் அடைகிறார்கள். ஜும்ஆ மேடையிலிருந்து கதீப்மார்கள் இதைச் சொன்னால், ஆயிரம் கட்டுரைகளைவிட அது பயன் தரும்.

மஹல்லா செய்யக்கூடியவை

நம் வாட்ஸ்அப் குழுக்களில் மாதந்தோறும் இதய அறுவைக்கு உதவி கேட்டுச் செய்தி வருகிறது. கொடுக்கும் கைகளை அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆனால் பணம் திரட்டும் முன் சில செய்திகளை விசாரிக்க வேண்டும்.

இப்பகுதியில் உழைப்பவர்களில் பலர் இஎஸ்ஐ உறுப்பினர்கள். 2017 முதல் மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு அது பொருந்தும். ஒப்பந்தத் தொழிலாளிக்கும் உண்டு. ஊதியத்தில் 0.75 சதவீதம் மாதந்தோறும் பிடிக்கப்படுகிறது. அதில் தொழிலாளிக்கு மட்டுமின்றி, அவரைச் சார்ந்து வாழும் மனைவி மக்களுக்கும் பெற்றோருக்கும் உயர் சிகிச்சை உரிமை இருக்கிறது. நோய்க்கால விடுப்பில் ஆண்டுக்கு 91 நாள்கள் வரை ஊதியத்தில் 70 சதவீதம் கிடைக்கும். சிக்கல் ஏற்பட்ட வால்வு நோய், நீண்டகால நோய்களின் பட்டியலில் இருப்பதால், தகுதிக் காலம் நிறைந்தவர்களுக்கு இரண்டாண்டு வரை 80 சதவீதம் பெறவும் வழி உண்டு. இஎஸ்ஐ இல்லாதவர்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை அது தருகிறது. இந்த உரிமைகள் பயன்படாமல் கிடக்க, ரோபோ அறுவைக்கென்று இலட்சக் கணக்கில் கடன் வாங்குவது நம் அறியாமைக்கு நாம் கட்டும் வட்டி.

அதே நேரம், அறுவை முடிந்தவுடன் உதவியும் முடிந்துவிடுகிறது. அந்த வீட்டுக்குப் பின்வரும் ஆண்டுகளில் தேவைப்படுவது சிறு தொகைதான்: மாத்திரை, ரத்தப் பரிசோதனை, சென்னை சென்று வரும் செலவு, ஒரு நாள் ஊதிய இழப்பு. ஒவ்வொரு மஹல்லாவும் வால்வு மாற்றியவர்களுக்கென்று ஒரு சிறு நிதியையும், பரிசோதனை நாளை நினைவூட்ட ஒருவரையும் வைத்தால், ஒரு பெரிய அறுவைக்குத் திரட்டும் பணத்தில் பல உயிர்களைப் பல ஆண்டுகள் காக்கலாம்.

எல்லாவற்றுக்கும் முந்தியது தொண்டை வலி. மக்தபில் ஓதும் பிள்ளைக்குக் காய்ச்சலோடு தொண்டை வலி என்றால் மருத்துவரிடம் காட்டி, அவர் தந்த மருந்தை முழு நாள்களும் கொடுக்க வேண்டும். வாதக் காய்ச்சல் என்று ஒருமுறை உறுதியானால், மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை போடும் பெனிசிலின் ஊசியை மருத்துவர் சொல்லும் வயது வரை நிறுத்தக் கூடாது. ஊசி வலிக்கிறது என்று உம்மா இரக்கப்பட்டு நிறுத்துவதுதான் பின்னாளில் நெஞ்சைத் திறக்க வைக்கிறது. மூச்சு வாங்கும் இளம் பெண்ணுக்கு ஓர் எக்கோ பரிசோதனை செய்து பார்ப்பது, எந்த ரோபோவையும்விடக் குறைந்த செலவில் எல்லாக் கீறலையும் தவிர்க்கும் வழி.

ஒரகடத்தில் 350 ஏக்கரில் மருத்துவக் கருவிகளுக்கென்றே ஒரு சிப்காட் பூங்கா அமைகிறது. நாளை நம் பிள்ளைகளே இத்தகைய கருவிகளின் பாகங்களைச் செய்பவர்களாகலாம், இன்ஷா அல்லாஹ். கருவியைச் செய்யத் தெரிந்த சமுதாயம் அதைக் கண்டு மயங்கவும் கூடாது, அஞ்சவும் கூடாது. அது எதற்கு, யாருக்கு, எப்போது என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். அடுத்த முறை மருத்துவரின் முன் அமரும்போது இந்த நான்கு கேள்விகளையும் இதே வரிசையில் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். பிள்ளைக்கு வால்வு நோய் என்றால் அந்தத் தாளைப் பிள்ளையின் கையிலேயே கொடுங்கள்.

நோயுற்றோர் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. சிகிச்சை தரும் கைகளில் அவன் பரக்கத் செய்வானாக. ஆமீன்.